நின்று கேட்டால் நின்றுவிடுமா போர்?

2023-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் காஸாவின் மீது போர் மூண்டதிலிருந்து தமிழகத்துப் பள்ளிவாசல்கள் பலவற்றில் குனூத் நாஸிலா ஓதப்பட்டதை வாசகர்கள் அறிவார்கள். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், பெருங்களத்தூர் என்று சென்னைக்குத் தெற்கே குடியிருக்கும் நம் மக்களும் அந்தத் துஆவுக்கு ஆமீன் சொன்னவர்கள்தாம். முதல் மாதத்து ஆமீனில் அழுகை இருந்தது. ஆறாம் மாதத்தில் அது வழக்கமாகிவிட்டது. ஆண்டு ஒன்று கழிந்து, இரண்டாவதும் கழியத் தொடங்கியபோது, தொழுகை முடிந்து செருப்பைத் தேடும் நேரத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது: "இத்தனை நாள் கேட்டோமே ஹஜ்ரத், போர் நின்றபாடில்லையே!"

இப்படிக் கேட்பவரை ஈமான் குறைந்தவர் என்று ஒதுக்கிவிட வேண்டாம். மனம் மரத்துப்போனவனுக்கு இந்தக் கேள்வியே எழாது.

இதன் மறுபுறத்தில் இன்னொரு குரலும் கேட்கிறது. அது வாலிபர்களின் குரல். "பள்ளிக்குள் கேட்பது ஒருபுறம் இருக்கட்டும் பாய். வாரத்தில் ஒருநாள் அஸருக்குப் பின் ஜி.எஸ்.டி. சாலை ஓரமாக, கூச்சல் இல்லாமல், கையில் ஓர் அட்டையோடு ஒரு மணி நேரம் நிற்போமே" என்கிறார்கள். பெரியவர்கள் சிரிக்கிறார்கள். "நீ தாம்பரத்தில் நின்றால் வாஷிங்டனில் நடுங்கிவிடுவானாக்கும்!" என்று ஒரு கேலி. போலீஸ் அனுமதிக்கு யார் அலைவது என்று ஒரு கவலை. மெழுகுவர்த்தி ஏற்றுவதெல்லாம் நம் வழக்கமா என்று ஓர் ஐயம்.

முணுமுணுப்பவர் கேட்பதும், கேலி செய்பவர் கேட்பதும் ஒன்றேதான்: ஓயாத போருக்கு எதிராக ஓயாமல் நிற்பதால் பயன் யாது? இதற்கு நம் மார்க்கத்தில் விடை இருக்கிறது. ஆனால் அது நாம் எதிர்பார்க்கும் விடையாக இராது.

முதலில் குனூத் நாஸிலா எப்படி வந்தது என்பதைப் பார்ப்போம். ஹிஜ்ரி 4-ஆம் ஆண்டில் நஜ்துப் பகுதி மக்களுக்கு மார்க்கம் போதிக்க நாயகம் (ஸல்) அவர்கள் தம் தோழர்கள் எழுபது பேரை அனுப்பி வைத்தார்கள். பகலில் விறகு சுமந்து விற்று, இரவில் நின்று வணங்கிய ஏழைகள் அவர்கள். குர்ஆனை நன்கு ஓதியவர்கள். பிஃரு மஊனா என்னும் கிணற்றருகே ரிஃலு, தக்வான், உஸைய்யா கோத்திரத்தார் அவர்களை வஞ்சகமாகச் சூழ்ந்து கொன்றார்கள். அந்தச் செய்தி மதீனாவை எட்டியபோது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அடைந்த துயரம் அதற்கு முன் கண்டிராதது என்று தோழர்கள் அறிவிக்கிறார்கள். ஒரு மாத காலம் தொழுகையில் ருகூவுக்குப் பின் நின்று அந்தக் கோத்திரங்களின் பெயர் சொல்லி அல்லாஹ்விடம் முறையிட்டார்கள். பேரிடர் நேரும்போது ஓதப்படும் குனூத்துக்கு இதுவே மூலம்.

ஷாபிஈ மத்ஹபில் சுபுஹுத் தொழுகையில் என்றைக்கும் குனூத் உண்டு. பேரிடர் வந்தால் ஐவேளையிலும் ஓதலாம் என்பது அவர்கள் சட்டம். ஹனபிகளுக்கு நித்திய குனூத் வித்ருத் தொழுகையில். பேரிடர்க் காலத்தில் மட்டும் சுபுஹில் ஓதுவார்கள். கடற்கரை ஊர்களிலிருந்து வந்தவர்களும் உள்நாட்டிலிருந்து வந்தவர்களும் ரயில்வே, தொழிற்சாலை, கல்லூரி என்று பிழைப்புக்காகக் குடியேறிய தாம்பரம் போன்ற ஊரில் இரண்டு மத்ஹபினரும் ஒரே ஸஃப்பில் நிற்கிறார்கள். கைகட்டும் இடத்தில் வேறுபடுகிறவர்கள் இந்தத் துஆவில் ஒன்றாகிவிடுவதே ஒரு பாக்கியம்தான். அது போகட்டும்.

நாம் கவனிக்க வேண்டிய செய்தி வேறு. அந்த ஒரு மாத காலத்தில் நபிகளார் கேட்டதனால் எழுபது பேரும் உயிரோடு திரும்பி வந்தார்களா? இல்லை. அல்லாஹ்வுக்கு மிக நெருங்கிய அடியார் கேட்ட துஆவே போனதை மீட்டுத் தரும் கருவியாக அமையவில்லை. பின் எதற்காக முப்பது நாள்? நடந்தது அநியாயம் என்பதை, நாளுக்கு நாள் நினைவு மங்கும் இயல்புடைய மனிதக் கூட்டத்தின் நடுவே, மங்கவிடாமல் நிறுத்துவதற்காகவும்தான் என்று கொண்டால் தவறில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. ஜமாஅத்தாக நின்ற ஒவ்வொருவரும் அந்தப் பெயர்களை ஒரு மாதம் கேட்டார்கள். மறக்க வழியில்லாமல் போயிற்று.

"என்ன பயன்" என்ற கேள்வியைத் திருமறையே எடுத்துப் பேசுகிற இடம் ஒன்று உண்டு. அல் அஃராஃப் அத்தியாயத்தில் கடலோர ஊர் ஒன்றின் வரலாறு வருகிறது. சனிக்கிழமை மீன் பிடிக்கக் கூடாது என்று அவர்களுக்குக் கட்டளை. அந்தச் சனிக்கிழமை பார்த்து மீன்கள் துள்ளிக்கொண்டு கரையோரம் வரும். மற்ற நாளில் வாரா. ஊரில் ஒரு கூட்டத்தார் கட்டளையை மீறினார்கள். இன்னொரு கூட்டத்தார் அவர்களைத் தடுத்துச் சொன்னார்கள். மூன்றாவது ஒரு கூட்டம் இருந்தது. அது மீறவுமில்லை, தடுக்கவுமில்லை. அந்த மூன்றாம் கூட்டம், தடுத்தவர்களைப் பார்த்து, அல்லாஹ் அழிக்கப்போகிற ஜனங்களுக்கு நீங்கள் ஏன் வீணாக உபதேசம் செய்கிறீர்கள் என்று கேட்டது. நம் செருப்படியில் கேட்கும் கேள்வியேதான்! தடுத்தவர்கள் தந்த விடை இரண்டு பகுதி கொண்டது. உங்கள் ரட்சகனிடம் நாங்கள் பொறுப்பு நீங்கியவர்களாக ஆவதற்காக என்பது ஒன்று. ஒருவேளை அவர்கள் திருந்தவும் கூடும் என்பது மற்றொன்று.

முதல் இடத்தில் இருப்பது எது என்று பாருங்கள். பலன் இரண்டாவதாக, அதுவும் "ஒருவேளை" என்ற சொல்லோடு வருகிறது. முதலில் இருப்பது சாட்சியம். நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வந்தவன், என் சாட்சியத்தால் வழக்கு வெல்லுமா என்று எண்ணிப் பார்த்துக் கூண்டில் ஏறுவதில்லை. கண்டதைச் சொல்வது அவன் கடன். தீர்ப்பு நீதிபதியின் கையில்.

தண்டனை வந்தபோது தடுத்தவர்கள் காப்பாற்றப்பட்டார்கள், மீறியவர்கள் பிடிக்கப்பட்டார்கள் என்கிறது அருள்மறை. மௌனமாக இருந்தவர்களைப் பற்றி அதே மௌனம்! இந்த இடத்தை ஓதி இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அழுதார்களாம், அந்த மூன்றாவது கூட்டத்தின் கதி என்னவாயிற்றோ என்று. அவர்களுடைய மாணவர் இக்ரிமா, "அவர்களும் அந்தப் பாவத்தை வெறுத்தார்கள் அல்லவா? அதனால்தானே, அழியப்போகிறவர்களுக்கு உபதேசம் எதற்கு என்று கேட்டார்கள்?" என்று விளக்கம் சொல்ல, மகிழ்ந்துபோய் அவருக்கு இரண்டு ஆடைகளைப் பரிசளித்ததாகத் தஃப்ஸீர்களில் காணப்படுகிறது. உள்ளத்தால் வெறுத்தவனுக்கு வாசல் அடைபடவில்லை என்பது நமக்கும் ஆறுதலே. ஆனால் குர்ஆன் விளக்கத்தில் தலைசிறந்த ஒருவரையே அழவைத்த இடத்தில் போய் நாம் நிம்மதியாக உட்கார்ந்துகொள்ள வேண்டுமா என்பதை யோசிக்க வேண்டும்.

உள்ளத்தால் வெறுப்பது ஈமானின் மிகப் பலவீனமான படி என்று நபிமொழி உண்டு. அந்தக் கடைசிப் படிகூட இன்று நமக்குக் கஷ்டமாகிவிட்டது. காரணம், பழக்கம். கைப்பேசியில் இடிபாடுகளுக்கிடையே ஒரு பிள்ளையின் உடல் தெரிகிறது. விரலால் தள்ளினால் அடுத்தது ஒரு சமையல் குறிப்பு. தாம்பரத்தில் வாழ்கிறவர்களுக்கு இதைச் சொல்ல வேறு உதாரணம் வேண்டாம். இங்கே விமானப்படைத் தளம் இருக்கிறது; பயிற்சி விமானங்கள் தலைக்கு மேல் வட்டமிடும். கிழக்குத் தாம்பரத்தில் தொட்டிலில் கிடக்கும் குழந்தைகூட அந்தச் சத்தத்துக்கு விழிப்பதில்லை. இங்கே அது பயிற்சி, பயமில்லை. அதே வானத்துச் சத்தத்துக்குக் காஸாவில் ஒரு தாய் என்ன செய்வாள் என்று நமக்குத் தோன்றாமலே போய்விடுகிறதே, அங்கேதான் பழக்கம் எவ்வளவு கொடியது என்பது தெரிகிறது. வாரம் ஒருமுறை, ஒரு குறித்த நேரத்தில், எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு நிற்பது இந்தப் பழக்கத்துக்கு எதிரான பழக்கம். அமல்களில் அல்லாஹ்வுக்கு மிகப் பிரியமானது சிறிதாயினும் விடாமல் செய்யப்படுவதே என்ற நபிமொழியை நாம் நஃபில் தொழுகைக்கும் ஓதலுக்கும் மட்டும் சொல்லிப் பழகிவிட்டோம்.

சரி, பள்ளிக்குள் ஓதுவது போதாதா, தெருவுக்கு ஏன் வர வேண்டும் என்பதற்கு வருவோம்.

தெருவில் நிற்பது எதற்கென்றால், பள்ளிக்குள் வராதவர்களும் இந்த அநியாயத்தை அநியாயம் என்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து நிற்க நமக்கு ஓர் இடம் வேண்டும். நாயகம் (ஸல்) அவர்கள் நபித்துவத்துக்கு முன்பு அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் வீட்டில் நடந்த ஓர் உடன்படிக்கையில் கலந்துகொண்டார்கள். யமன் நாட்டு வியாபாரி ஒருவரிடம் சரக்கை வாங்கிக்கொண்டு பணம் தராமல் ஏமாற்றினார் மக்காவின் பெரும்புள்ளி ஒருவர். அந்த அயலூரார் அபூ குபைஸ் மலைமீது ஏறி நின்று ஊர் கேட்க முறையிட்டார். அதைக் கேட்டுக் கூடியவர்கள், அநீதி இழைக்கப்பட்டவன் எவனாயினும் அவனுக்காக ஒன்றுபட்டு நிற்போம் என்று உறுதி செய்துகொண்டார்கள். அதுவே ஹில்ஃபுல் ஃபுளூல். கூடியவர்கள் அன்று முஸ்லிம்கள் அல்லர். அப்படியிருந்தும், இஸ்லாம் வந்த பிறகு அப்படியோர் உடன்படிக்கைக்கு அழைக்கப்பட்டாலும் ஏற்பேன் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னார்கள். தனி ஒருவன் மலைமேல் நின்று கத்தியதில்தான் அது தொடங்கிற்று என்பதையும், வாஷிங்டன் கேலி செய்யும் பெரியவர்கள் நினைத்துப் பார்க்கட்டும்.

மெழுகுவர்த்தி விஷயம் சின்னது. அதை ஏற்றாமல் நிற்கலாமே! நிற்பதற்கு ஒரு விளக்கும் தேவையில்லை. இந்த ஒரு சில்லறைத் தகராறில் மூன்று வாரம் கழித்துவிட்டு, கடைசியில் யாரும் நிற்காமல் போன ஜமாஅத்துகளும் இருக்கக்கூடும்.

இன்னும் சொல்லப்போனால், போரில் எதிரெதிராக உள்ளவர்களை ஒரே கூரையின்கீழ் பார்த்த ஊர் தாம்பரம். 1938-ஆம் ஆண்டு டிசம்பரில் கிறிஸ்தவ மிஷன்களின் உலக மாநாடு இங்கே கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் கூடிற்று. முதலில் அதைச் சீனத்து ஹாங்சௌ நகரில் நடத்துவதாகத்தான் இருந்தது. சீனத்தின் மீது ஜப்பான் படையெடுத்ததனால் அங்கே முடியாமல் தாம்பரத்துக்கு மாற்றினார்கள். சீனரும் வந்தார்கள், ஜப்பானியரும் வந்தார்கள். அவர்கள் கூடியதனால் அந்தப் போர் நின்றுவிடவில்லை, அடுத்த ஆண்டு ஐரோப்பாவிலும் பெரும் போர் மூண்டது. அது அவர்கள் மார்க்கம், அவர்கள் மாநாடு. என்றாலும் நம் ஊரில் நடந்தது என்பதால் இங்கே குறிக்கிறேன்.

போர் நடத்துகிற நாட்டின் குடிகளே வீதியில் நின்ற வரலாறும் உண்டு. 1988-ஆம் ஆண்டு ஜனவரியில், பலஸ்தீன மக்களின் முதல் இன்திஃபாதா எழுச்சி தொடங்கிய ஒரு மாதத்தில், ஜெருசலேமின் மேற்குப் பகுதியில் சில யூதப் பெண்கள் கறுப்பு உடை உடுத்தி ஒரு நாற்சந்தியில் வந்து நின்றார்கள். கையில் கறுப்பு அட்டை. அதில் ஆக்கிரமிப்பை நிறுத்து என்ற வாசகம். கோஷம் இல்லை, பேச்சு இல்லை. வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணி முதல் இரண்டு மணி வரை; கடிகாரக் கணக்கில் நம் ஊரில் ஜும்ஆ முடிந்து மக்கள் வெளியே வரும் நேரம். அடுத்த வெள்ளியும் வந்தார்கள். போவோர் வருவோர் அவர்களைத் துரோகிகள் என்றார்கள். காது கூசும் வசவுகளைச் சொன்னார்கள். அவர்கள் பதில் பேசாமல் நின்றுவிட்டு மணி இரண்டானதும் கலைந்து போனார்கள். இதைப் பார்த்து 1991 அக்டோபரில் யூகோஸ்லாவியா உடைந்து போரில் மூழ்கியபோது பெல்கிரேடு நகரப் பெண்கள் தங்கள் சொந்த அரசாங்கத்தின் போருக்கு எதிராகப் புதன்கிழமைகளில் நிற்கத் தொடங்கினார்கள். பொஸ்னிய முஸ்லிம்களைத் தங்கள் இனத்தார் கொன்றபோது, கொலைகாரர்களின் தலைநகரில் நின்று அதைச் சொன்னவர்கள் அவர்கள். நம் பக்கத்துப் பெங்களூரிலும் அதே பெயரில் பெண்கள் கறுப்பு உடையில் நின்றிருக்கிறார்கள்.

ஜெருசலேம் பெண்கள் எதிர்த்த ஆக்கிரமிப்பு முடிவுக்கு வந்துவிடவில்லை. அதை வைத்து அவர்கள் நின்றது வீண் என்று சொல்பவர், அந்தக் கடலோர ஊரின் மூன்றாம் கூட்டத்தில் சேர்ந்துகொள்கிறார். நான் வேறொன்றைச் சொல்வேன். யூதர் அனைவரும் ஒன்று என்று நம் மேடைகளில் எவரேனும் முழங்கும்போது, அது பொய் என்பதற்கு அந்தப் பெண்களே சாட்சி. அந்தச் சாட்சியம் ஒன்றே அவர்கள் நின்றதற்குப் போதும்.

இதிலிருந்து ஒரு நுட்பமான விஷயத்துக்கு வர வேண்டியிருக்கிறது. குனூத்தில் நாம் யாரைச் சபிக்கிறோம்? உஹதுப் போரில் காயமுற்ற பின் நாயகம் (ஸல்) அவர்கள் ஸஃப்வான் இப்னு உமைய்யா, ஸுஹைல் இப்னு அம்ரு, ஹாரிஸ் இப்னு ஹிஷாம் ஆகிய மக்கத்துத் தலைவர்களுக்கு எதிராகப் பெயர் சொல்லித் துஆச் செய்தார்கள் என்று புகாரியில் காணப்படுகிறது. அப்போது ஆல இம்ரான் அத்தியாயத்தின் 128-ஆம் வசனம் இறங்கிற்று. இந்த விஷயத்தில் முடிவு உம்மிடத்தில் இல்லை, அவன் அவர்களை மன்னிப்பதும் தண்டிப்பதும் அவன் நாட்டம் என்பது அதன் கருத்து. பிற்காலத்தில் அந்த மூவரும் இஸ்லாத்தைத் தழுவினார்கள்! ஸுஹைல் (ரலி) அவர்களோ, நாயகம் (ஸல்) அவர்கள் மறைந்தபோது மக்கத்து மக்கள் தடுமாறாதபடி எழுந்து நின்று உரையாற்றி அவர்களை நிலைநிறுத்தியவர். நேற்று எவருக்கு எதிராகக் கை உயர்ந்ததோ அவரே இன்று மார்க்கத்துக்குத் தூணாக நின்றார்.

ஆகவே அநியாயத்துக்கு எதிராகக் கேட்போம். அநியாயக்காரனின் கையை அல்லாஹ் தடுக்கட்டும் என்று கேட்போம். ஓர் இனத்தின் பிள்ளைகளெல்லாம் அழிய வேண்டும் என்று கேட்கும் துஆவுக்கு ஆமீன் சொல்ல நாக்கு எழக்கூடாது. காஸாவில் 2025 அக்டோபர்த் தொடக்கத்துக்குள் இறந்தவர் தொகை 67,000-ஐத் தாண்டிவிட்டதாக அங்குள்ள சுகாதாரத் துறை கணக்குச் சொன்னது. அதை உரக்கச் சொல்ல வேண்டும். 2023 அக்டோபர் 7-ஆம் நாள் இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டதையும், அவர்களிலும் பெண்களும் பிள்ளைகளும் இருந்ததையும் மறைக்கக் கூடாது. முன்னதைச் சொல்லும்போது பின்னதை மறைத்தால் சாட்சியம் பழுதாகிறது. பின்னதைச் சொல்லி முன்னதற்கு நியாயம் கற்பிப்பவனும் பொய்ச் சாட்சிதான்.

சாட்சியத்துக்கு இன்னும் கடினமான ஒரு சோதனை இருக்கிறது. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரலாம்.

2025 செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை. அன்று சென்னையில் காஸா மக்களுக்காகப் பெரியார் இயக்கத்தினர் கூட்டிய பேரணியில் நடிகர் சத்யராஜ், பிரகாஷ்ராஜ், இயக்குநர் வெற்றிமாறன் முதலியோர் கலந்துகொண்டு பேசினார்கள். பெயரளவில்கூட முஸ்லிமல்லாதவர்கள் நமக்காக நிற்கிறார்களே என்று நம் வீடுகளில் மகிழ்ந்து பேசிக்கொண்டோம். அது நியாயமான மகிழ்ச்சி. அதே நாள் வைகறையில், சூடான் நாட்டு அல் ஃபாஷிர் நகரில், சுபுஹுத் தொழுகை நடந்துகொண்டிருந்த பள்ளிவாசலின் மீது ஆளில்லா விமானம் குண்டு போட்டது. ஸஃப்பில் நின்றவர்கள் 70 பேருக்கு மேல் மாண்டார்கள். நாம் இங்கே குனூத் ஓதுகிற அதே தொழுகை! குண்டு போட்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட படையினர் யூதரும் அல்லர், சிலுவைப் போர்க்காரரும் அல்லர். கலிமாச் சொன்னவர்களே. அந்த நாட்டில் 2023 ஏப்ரல் 15-ஆம் நாள் அரசுப் படைக்கும் துணைப்படைக்கும் மூண்ட போரில் ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வீடிழந்தார்கள். அல் ஃபாஷிர் ஒன்றரை ஆண்டு முற்றுகைக்குப் பின் 2025 அக்டோபர் 26-ஆம் நாள் துணைப்படையின் வசமாயிற்று. அங்கே ஒரு மகப்பேறு மருத்துவமனையில் மட்டும் 460 பேருக்கு மேல் கொல்லப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

இந்தச் சூடானுக்காக நம் பள்ளிகளில் எத்தனை நாள் ஆமீன் சொன்னோம்? விரல் விட்டு எண்ணலாம். கொல்பவன் வேற்று மார்க்கத்தானாக இருந்தால் நாஸிலா, கொல்பவனும் நம்மவன் என்றால் அவர்கள் வீட்டுச் சண்டை என்று கொள்வோமானால், நாம் அல்லாஹ்வுக்காகச் சாட்சி சொல்லவில்லை, நம் கூட்டத்துக்காகச் சொல்கிறோம். அந்நிஸா அத்தியாயத்தின் 135-ஆம் வசனம் இதற்குத்தான் இறங்கியது போல இருக்கிறது. உங்களுக்கோ உங்கள் பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாக இருப்பினும் அல்லாஹ்வுக்காக நீதியில் நிலைத்து நின்று சாட்சி சொல்லுங்கள் என்பது அதன் கட்டளை. நிற்பது என்ற சொல்லே அதில் இருக்கிறது, கவனிக்க வேண்டும்.

தமிழ் பேசும் முஸ்லிம்களாகிய நமக்கு இந்தச் சோதனை வெகுதூரத்தில் இல்லை. 1990 ஆகஸ்ட் 3-ஆம் நாள் இலங்கையின் காத்தான்குடியில் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் இரண்டு பள்ளிவாசல்களில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். விடுதலைப் புலிகள் செய்தது என்றே நம்பப்படுகிறது, அவர்கள் மறுத்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் முழுவதுமாக வெளியேற்றப்பட்டார்கள். அன்று தமிழர் என்ற பெயரில் பேசிய பலர் வாய் திறக்கவில்லை என்று நமக்கு ஆதங்கம் உண்டு. பத்தொன்பது ஆண்டு கழித்து, 2009-இல் முள்ளிவாய்க்காலில் தமிழ் மக்கள் கடற்கரை மணலில் குவிக்கப்பட்டுக் குண்டுவீச்சில் மடிந்தார்கள். 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர் குழு 2011-இல் சொன்னது. அப்போது குனூத் ஓதிய பள்ளிகள் எத்தனை என்று யாரேனும் திருப்பிக் கேட்டால் நம்மிடம் என்ன விடை இருக்கிறது? காத்தான்குடிக்கு அழுதவனும் முள்ளிவாய்க்காலுக்கு அழுதவனும் ஒரே சாலையோரம் சேர்ந்து நிற்க முடிந்திருந்தால், அந்த ஒரு மணி நேரம் எத்தனையோ மேடைப் பேச்சுகளைவிடக் கனமாக இருந்திருக்கும்.

இனி வீடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. பல பள்ளிகளில் பெண்களுக்கு இடமில்லை. சாலையோரம் நிற்கச் சில வீடுகளில் சம்மதம் இராது. அதனால் இந்த அமல் ஆண்களோடு நின்றுவிட வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு மஃரிபுக்குப் பின் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, போரில் சிக்கிய ஓர் ஊரின் பெயரைச் சொல்லித் துஆச் செய்யலாம். ஒருநாள் காஸா என்றால் மறுவாரம் அல் ஃபாஷிர். "யாரும்மா அவங்க, நமக்குச் சொந்தமா?" என்று பிள்ளை கேட்கும். கேட்கட்டும். அந்தக் கேள்விக்குத் தாய் சொல்லப்போகும் விடையில்தான் அந்தப் பிள்ளையின் மார்க்கம் உருவாகிறது. ஆனால் இரத்தக் காட்சிகளைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டாம். அது இரக்கத்தை வளர்க்காது, தூக்கத்தைக் கெடுக்கும், பின்னர் மரத்துப்போகச் செய்யும்.

எப்போது நிறுத்துவது என்ற கேள்வி மீதமிருக்கிறது. 2025 அக்டோபர் 10-ஆம் நாள் காஸாவில் போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்தபோது, இனிக் குனூத் தேவையில்லை என்று சிலரும், தொடர வேண்டும் என்று சிலரும் வாதிட்டார்கள். அந்த ஆண்டு ஜனவரியில் வந்த போர்நிறுத்தம் மார்ச்சு மாதத்திலேயே முறிந்துபோனது. அக்டோபருக்குப் பிறகும் நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டதாகக் கணக்குகள் வந்தன. காகிதத்தில் கையெழுத்தானதைப் பார்த்து நிறுத்துவதா, வேறு எதைப் பார்த்து?

இதற்கும் முன்மாதிரி இருக்கிறது. மக்காவில் குறைஷிகளிடம் சிக்கித் துன்புற்ற மூவருக்காக நாயகம் (ஸல்) அவர்கள் தொழுகையில் பெயர் சொல்லித் துஆச் செய்து வந்தார்கள். வலீது இப்னுல் வலீது, ஸலமா இப்னு ஹிஷாம், அய்யாஷ் இப்னு அபீ ரபீஆ ஆகியோர் அம்மூவர். கடைசி இருவரும் அபூ ஜஹ்லுக்கே சகோதர முறையானவர்கள் என்பது இங்கே நினைக்கத் தக்கது. ஒருநாள் அந்தத் துஆ ஓதப்படவில்லை. தினமும் கேட்டுப் பழகிய அபூ ஹுரைரா (ரலி) அவர்களுக்கு அது உறுத்திற்று. ஏன் விட்டுவிட்டார்கள் என்று விசாரித்தார்கள். கிடைத்த பதில் இது: "அவர்கள் வந்து சேர்ந்துவிட்டதை நீர் பார்க்கவில்லையா?"